கோயில் மண்ணைக் கொஞ்சம் விட்டு வைப்போம்



திருவிழாவுக்கு முன்னாடி கோயில் வளாகம் முழுக்க சிமெண்டு போட்டுடலாம்னு பேச்சு நடக்குது. சேறு இருக்காது, கூட்டுறதும் சுலபம். நியாயமான காரணங்கள்தான். நடக்கிற பாதைக்கு தாராளமா போடலாம். ஆனா பின்பக்கம் அரசமரத்தைச் சுத்தி இருக்கிற மண்ணை அப்படியே விடணும் என்பது தொண்டர்களாகிய எங்கள் கருத்து.

1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்காவே தண்ணிக்குத் தவிச்சது பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்னைக்கும் நம்ம மாநிலம் ஜொகூரின் மூவார் ஆற்றுத் தண்ணியையும் நம்பி இருக்கு. கோயில் கூரையில் விழும் மழை லோங்காங்கில் போனா கடலுக்குத்தான். மண்ணில் இறங்கினா நிலத்தடியில் சேரும். கிளேபாங் கடலோர ஊர். கீழே நல்ல தண்ணி குறைஞ்சா உப்புத்தண்ணி உள்ளே ஏறும்.

மண் வெறும் சல்லடை இல்லை. அதில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். களிமண்ணும் மக்கும் சில கசடுகளைப் பிடிச்சு வச்சுக்கும். பெர்லின் நகரம் தன் குடிநீரில் பெரும்பகுதியை ஆற்றங்கரை, ஏரிக்கரை மண் வழியா ஊறிவரும் தண்ணியிலிருந்து எடுக்குது. மாதக்கணக்கில் மண்ணுக்குள் நகர்ந்து வரும்போது, தண்ணியில் கலந்த பல மருந்துகளின் மிச்சம்கூட குறைஞ்சிடுது.

ஆனா மண்ணுக்கும் எல்லை உண்டு. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாஸெபின் மண்ணிலும் பெரிசா குறையாம தாண்டிப் போறதை அங்கேயே பார்த்திருக்காங்க. அதனால "மண்ணு பார்த்துக்கும்"னு எதையும் கொட்டக்கூடாது.

எங்கள் வேண்டுகோள் மூணு:

1. கூரைத் தண்ணியை அரசமரத்துப் பக்கம் திருப்பி, ஜல்லி நிரப்பிய குழியில் விடுவோம். கொசு வருமேன்னு கேட்பீங்க. தண்ணி மேலே தேங்காம சீக்கிரம் வடிஞ்சா ஏடிஸ் முட்டையிட வழியில்லை.

2. அன்னதானப் பாத்திரம் கழுவின தண்ணி, பெயிண்ட் மிச்சம் எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

3. வீட்டில் மிஞ்சின மருந்தைக் கழிப்பறையில் கொட்டாதீங்க. அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்க.

பூமாதேவின்னு கும்பிடுறோம். அவளை முழுசா சிமெண்டால மூடிட்டு எங்கே போய் தீர்த்தம் தேடுவோம்? சிமெண்டு ஒருநாள் வேலை. பெயர்த்து எடுக்கிறது அவ்வளவு லேசு இல்லை. அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு வாங்க, மாற்றுக் கருத்து இருந்தாலும் சொல்லுங்க, கலந்து பேசி முடிவெடுப்போம்.