மருந்தகம் என்றாலே நடுங்குகிறது எங்கள் நாய்!

கால்நடைக் கேள்வி-பதில்

“எங்கள் தோட்டத்து நாட்டு நாய்க்கு 11 வயதாகிறது. பெட்டை, கருத்தடை செய்யவில்லை. நாலு மாதமாகக் காலையில் எழுந்திருக்கவே சிரமப்படுகிறது. பின்னங்காலை இழுத்து நடக்கிறது. கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போனால் வாசலிலேயே படுத்து நடுங்குகிறது. போன தடவை என் கணவர் தூக்கியபோது கையைக் கவ்வ வந்துவிட்டது. ‘வயசாயிடுச்சு, விட்டுடு’ என்கிறார் மாமனார். எனக்குக் கொடுத்த மூட்டுவலி மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா?”

- வாசகி, தாராபுரம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்கக் கூடாது. பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். நாம் சாப்பிடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் போய்விடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாந்தி இருந்தாலோ, சாணம் தார் போலக் கறுத்துப் போனாலோ உடனே காட்ட வேண்டும். நாய்க்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து மருத்துவர் எழுதித் தருவார்.

மாமனார் சொல்வதில் ஒரு பாதி சரி. 11 வயது நாய்க்கு மூட்டுத் தேய்மானம் வருவது சகஜம். ஆனால் உண்ணி மூலம் பரவும் காய்ச்சலிலும் நாய் இப்படி விறைத்து, நொண்டி நடக்கும். முதுகுத்தண்டில் கோளாறு இருந்தாலும் பின்னங்கால் இழுக்கும். உண்ணிக் காய்ச்சல் என்றால் மருந்தில் குணமாக்கலாம். வயசு என்று விட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

கவ்வ வந்ததற்கும் வலிதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். முன்னங்காலைப் பிடித்துத் தூக்கினால் மொத்த எடையும் நோகிற இடுப்பில் இறங்கும். ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும், மறு கையைப் பின்தொடைக்குக் கீழேயும் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்குங்கள். பல் பட்டுக் கீறினால்கூட சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வீட்டு நாய்தானே என்று இருக்க வேண்டாம். கிழ நாயானாலும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி தவறக் கூடாது.

இனி, மருந்தகப் பயம். நாயை உள்ளே கொண்டு போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. காலையில் அது எழுந்திருப்பதையும் நடப்பதையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, முதலில் நீங்கள் மட்டும் போய் மருத்துவரைப் பாருங்கள். பயத்தில் விறைத்து நிற்கும் நாய் மருந்தகத்தில் நொண்டவே நொண்டாது; வீடியோவில்தான் உண்மை தெரியும். வண்டியிலோ மரத்தடியிலோ வைத்தே பார்க்க முடியுமா, மாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு வரலாமா என்றும் கேளுங்கள். ரொம்ப மிரளும் நாய்க்கு, கிளம்பும் முன் கொடுக்கப் பயத்தைத் தணிக்கும் மாத்திரையும் எழுதித் தருவார்கள். அதை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் மாடு இருந்தால் இன்னும் சுலபம். சினை ஊசி போட மருத்துவர் வரும் நாளில் நாயையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லலாம். தன் எல்லையில் நாய்க்கு வீரம் கூடும் என்பதால், அவர் வருவதற்கு முன்பே கேட்டுக்குத் தள்ளிக் கட்டிவிடுங்கள். அது யார் சொன்னால் கேட்குமோ அவரே பிடித்துக்கொள்ளட்டும்.

அதற்குள் ஒரு பத்து நாள் பழக்குங்கள். தினமும் காது, பாதம், உதடு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு, உடனே ஒரு துண்டு வேகவைத்த முட்டை கொடுங்கள். நோகிற இடுப்பை விட்டுவிடுங்கள். வாய்ப்பூட்டையும் அப்படியே: முதல் நாள் முகர்ந்து பார்க்கட்டும், மூன்றாம் நாள் அதற்குள் மூக்கை நுழைத்துத் தின்னட்டும். முடிந்தால் ஊசி இல்லாத ஒரு நாளில் மருந்தகத்துக்குக் கூட்டிப் போய், வெளியே பத்து நிமிடம் உட்கார்ந்து, தின்னக் கொடுத்துத் திரும்பி விடுங்கள். வண்டியில் வாந்தி எடுக்கும் என்றால் நாலு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுப்பதும் அதட்டுவதும் இத்தனை நாள் பழக்கியதையும் ஒரே நாளில் கெடுத்துவிடும்.

படுக்கச் சிமெண்ட் தரை வேண்டாம். சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள். உடம்பு போட்டிருந்தால் சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள். மூட்டுக்கு அதுவே பாதி வைத்தியம்.

கருத்தடை செய்யாத பெட்டை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தீனி எடுக்காமல், தண்ணீரை மட்டும் மொண்டு மொண்டு குடித்து, பிறப்புறுப்பில் சீழ் வடிந்தால், கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். சீழ் வெளியே வராமல் வயிறு மட்டும் உப்பினால் இன்னும் ஆபத்து. அன்றைக்குப் பயம், பழக்கம் எதையும் பார்க்காதீர்கள். போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றிக் கிளம்பிவிடுங்கள்.