சீமெந்துத் தரையில் வெடிப்பு: பூசுவதா, விடுவதா?

மீள்குடியேறிய எமது கிராமங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. லான்ட்மாஸ்டர் நிறுத்தும் கொட்டிலின் சீமெந்துத் தரையில், அல்லது நெல் மூட்டை அடுக்கும் அறையில், தலைமயிர் போன்ற வெடிப்புகள் ஓடுகின்றன. உடைத்துப் புதிதாகப் போடுவதா, மேலே பூசுவதா, அப்படியே விடுவதா? எமது கருத்து இதுதான்: பெரும்பாலானவற்றை விட்டுவிடலாம். ஆனால் சோதித்துப் பார்த்தே விடவேண்டும்.

வெடிப்பைக் கண்டு எமது மக்கள் பதறுவதில் நியாயம் உண்டு. 2009 இல் யாவற்றையும் இழந்து, மெனிக் பாம் கூடாரங்களில் இருந்து திரும்பியவர்கள் நாம். 2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டத்தில் புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா தவணை தவணையாகக் கிடைத்தது. பலர் அதனோடு தம் உழைப்பையும் நகையையும் சேர்த்தே கட்டி முடித்தனர். அப்படிக் கட்டியதில் ஒரு கீறல் விழுந்தாலும் நெஞ்சில் விழுந்ததாகவே படும்.

எனினும் காரணத்தை அறிந்தால் அச்சம் குறையும். கொங்கிறீற்று உலரும்போது சுருங்கும். கலவையில் தண்ணீர் கூடினால் சுருக்கமும் கூடும். சோளகக் காற்று வீசும் கோடையில் தரை போட்டு, ஒரு கிழமையாவது ஈரச் சாக்கோ வைக்கலோ பரப்பி நனைக்காமல் விட்டால், மேற்பரப்பு விரைவில் காய்ந்து வெடிக்கும். கூரையின் பாரத்தைத் தாங்குவன சுவரும் அத்திவாரமுமே. தரை மண்ணின் மேல் கிடக்கிறது. ஆகவே தரையில் மட்டும் உள்ள மெல்லிய வெடிப்பால் வீடு விழுந்துவிடாது.

கவலைப்பட வேண்டிய வெடிப்புகள் வேறு. ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்திருத்தல், சுவரிலும் ஏறுதல், மாரிக்கு மாரி அகலுதல், கறையான் வருதல், தட்டினால் வெற்றொலி கேட்டல் ஆகியவை அடையாளங்கள். கீழே நிரப்பிய மண் சரியாக இறுகாமல் இறங்கியிருக்கலாம். களிமண் மழைக்கு ஊதிக் கோடைக்குச் சுருங்கியிருக்கலாம். அங்கே மேற்பூச்சு பயன் தராது. நல்ல மேசனைக் கூப்பிட்டு மண்ணையும் அத்திவாரத்தையும் பார்க்கவேண்டும்.

இரண்டையும் பிரித்தறியச் செலவில்லாத வழி உண்டு. வெடிப்பின் இரு நுனிகளிலும் ஆணியால் கீறி, அருகே திகதியை எழுதுங்கள். காலபோக மழை தொடங்குமுன் ஒரு தரம், அறுவடை முடிந்தபின் ஒரு தரம் பாருங்கள். நீளவும் அகலவும் இல்லையானால் விட்டுவிடுங்கள். அந்த அறையில் நெல் வைப்பதானால் மூட்டைகளைப் பலகை மேல் அடுக்குங்கள், ஈரம் ஏறாது.

நாணயத்தின் விளிம்பு நுழையுமளவு அகன்று, மேலும் அசையாதிருக்கும் வெடிப்பை அடைக்கலாம். உளியால் சற்று அகலமாக வெட்டி, தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கி, நனைத்து, ஒன்றுக்கு மூன்று சீமெந்து மணல் சாந்தை இறுக்கி, சில நாட்கள் ஈரமாக வைத்திருங்கள். மயிரிழை வெடிப்பின் மேல் சீமெந்துப் பால் பூசுவது வீண். லான்ட்மாஸ்டர் சில்லு ஏறி இறங்க அது பெயர்ந்துவிடும்.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் கடன். 2022 நெருக்கடியில் சீமெந்து விலை இரு மடங்குக்கு மேல் ஏறியதை யாரும் மறக்கவில்லை. நுண்கடன் எமது பெண்களை எவ்வளவு வாட்டியது என்பதற்கு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களுக்கு 2018 இல் அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது சாட்சி. அயலவர் கண்ணுக்காகக் கடன்பட்டுத் தரையை மினுக்குவது விதைநெல்லை விற்பதற்குச் சமம்.

மணல்மேல் கட்டிய வீட்டின் உவமையில் ஆண்டவர் கேட்டது அத்திவாரத்தைப் பற்றி. தரையின் அழகைப் பற்றியல்ல. கையிலுள்ள பணம் முதலில் கூரை ஒழுக்குக்கும், கிணற்றுக் கட்டுக்கும், அடுத்த போக விதைக்கும் போகட்டும். மயிரிழை வெடிப்பு காத்திருக்கும்.