ரவை அளவு கண்டன்சர்! அதன் பெயரைச் சொல்ல மறுப்பது யார்?

டெலிவிஷன் திடீரென்று நின்று விட்டது. படம் இல்லை. சத்தமும் இல்லை.

மெக்கானிக் வருகிறார். பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்க்கிறார். "போர்டு போயிடுச்சும்மா. புதுசு போடணும்" என்கிறார். விலையைக் கேட்டதும் வீட்டு அம்மாளுக்குத் தலை சுற்றுகிறது. "இதற்குப் புது டெலிவிஷனே வாங்கி விடலாமே!" என்கிறார்.

அந்தப் போர்டில் நூற்றுக்கணக்கான சாமான்கள் இருக்கின்றன. பல சமயங்களில் கெட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு ரவை மணி அளவு இருக்கும். மொத்தமாக வாங்கினால் பல ரகங்களின் விலை ஒரு ரூபாய்கூட ஆகாது.

அப்படியானால் அந்த ஒன்றை மட்டும் மாற்றக் கூடாதா?

மாற்றலாம். ஆனால் அது எந்த ரகம் என்று தெரிய வேண்டும். அதன் உடம்பில் ஓர் எழுத்துக்கூட இல்லை! ஏழை வீட்டுப் பணம் கரைவது இந்த இடத்தில்தான். "பழுது பார்க்கும் உரிமை" என்று பல தேசங்களில் இன்று நடக்கும் வாதத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

கண்டன்சர் என்பது என்ன?

ரிப்பேர் கடைகளில் 'கண்டன்சர்' என்பார்கள். பாடப் புத்தகத்தில் 'மின்தேக்கி'. ஆங்கிலம் படித்தவர்கள் 'கெப்பாசிட்டர்' என்பார்கள். மூன்றும் ஒன்றுதான்.

குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. கீழே ஒரு தொட்டியை வைத்து, அதிலிருந்து மொண்டால் தண்ணீர் சீராகக் கிடைக்கிறது. கண்டன்சரும் அப்படி ஒரு தொட்டிதான். அது மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைத்துச் சீராகக் கொடுக்கிறது. உலோகத் தகடுகள் ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கும். நடுவே மின்சாரம் பாயாத ஒரு பொருள் இருக்கும். அவ்வளவுதான்.

தொட்டியின் கொள்ளளவை லிட்டரில் சொல்லுகிறோம். கண்டன்சரின் கொள்ளளவைப் 'பாரட்' என்ற அளவில் சொல்லுவார்கள். ஒரு பாரட் மிகப் பெரியது. ஆகையால் மைக்ரோபாரட், பிகோபாரட் என்று பிரித்திருக்கிறார்கள். பத்து லட்சம் பிகோபாரட் சேர்ந்தது ஒரு மைக்ரோபாரட்.

அன்று எழுத்து இருந்தது

பழைய ரேடியோவைத் திறந்தால் கண்டன்சரின் மேல் எழுத்து இருக்கும். வட்ட வில்லை போன்ற பீங்கான் கண்டன்சரில் 104 என்று போட்டிருக்கும். 10 எழுதி, அதற்குப் பின்னால் நான்கு சைபர் போட வேண்டும். ஒரு லட்சம் பிகோபாரட். அதாவது 0.1 மைக்ரோபாரட். மெக்கானிக்குகளுக்கு இது மனப்பாடம்.

பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் சர்க்யூட் படம் பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருக்கும். எழுத்து அழிந்து போனாலும் படத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம்.

இன்று போர்டில் இருப்பவை வேறு ரகம். மெல்லிய பீங்கானும் உலோகமும் அடுக்கு அடுக்காக வைத்துச் சுட்டவை. ஒரு ரகத்தின் நீளம் 1 மில்லி மீட்டர், அகலம் அரை மில்லி மீட்டர். இதிலும் பொடியானவை உண்டு. ஒரு கைபேசிக்குள் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். சிலவற்றில் ஆயிரத்தையும் தாண்டும்.

இவற்றின் மேல் ஏன் எழுத்து இல்லை? இடம் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் முக்கியமானது. தொழிற்சாலையில் இவற்றைப் பொருத்துவது மனிதன் அல்ல, இயந்திரம். கண்டன்சர்கள் ரீல் ரீலாக வருகின்றன. எந்த ரகம் என்ற விவரம் ரீலின் மேல் ஒட்டியிருக்கிறது. இயந்திரத்துக்கு அது போதும். ரீல் தீர்ந்ததும் தூக்கி எறிகிறார்கள். பெயரும் அத்தோடு போய் விடுகிறது!

குற்றவாளி கிடைத்தான், பெயர் கிடைக்கவில்லை

கைபேசி கீழே விழுகிறது. உள்ளே போர்டு சற்று வளைகிறது. பீங்கான் கண்டன்சரில் மயிரிழை போல விரிசல் விழுகிறது. உள்ளிருக்கும் தகடுகள் ஒட்டிக் கொள்கின்றன. மின்சாரம் குறுக்கே பாய்ந்து வீணாகிறது. கைபேசி செத்து விடுகிறது.

எது கெட்டது என்று கண்டுபிடிக்கக் கைதேர்ந்த மெக்கானிக்குகளிடம் ஒரு தந்திரம் உண்டு. போர்டின் மேல் ஸ்பிரிட் தடவி, மிகக் குறைந்த வோல்டேஜ் கொடுப்பார்கள். குறுக்கே பாயும் இடம் சுடும். அங்கே ஸ்பிரிட் முதலில் காயும். குற்றவாளி அங்கேதான் இருக்கிறான்!

ஆனால் செத்தவனிடம் பெயர் கேட்க முடியுமா? கெட்டுப் போன கண்டன்சரை மீட்டரில் வைத்தால் அதன் உண்மை அளவு வராது. ஆகவே மெக்கானிக் வேறு வழிகளில் துப்புத் துலக்குகிறார்.

முதல் வழி: அதே மாடல் நல்ல போர்டு ஒன்றைத் தேடுவது. சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் பழைய போர்டுக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். அதே இடத்துக் கண்டன்சரை எடுத்து அளக்கலாம். போர்டில் இருக்கும்போதே அளந்தால் பக்கத்துச் சாமான்களின் அளவும் சேர்ந்து கொள்ளும். தனியே எடுத்துத்தான் அளக்க வேண்டும்.

இரண்டாவது வழி: இருக்கும் இடத்தை வைத்து ஊகிப்பது. 'ஐ.சி.'யின் மின்சாரக் காலுக்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் 0.1 மைக்ரோபாரட். கிரிஸ்டலுக்குப் பக்கத்தில் இருந்தால் பத்து முதல் முப்பது பிகோபாரட் வரை இருக்கலாம்.

அளவு தெரிந்தாலும் ஆபத்து தீரவில்லை. எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை மீட்டர் சொல்லாது. 6.3 வோல்ட் தாங்குவதும் உண்டு. 50 வோல்ட் தாங்குவதும் உண்டு. அந்த இடத்து வோல்டேஜைவிட நன்றாகக் கூடுதலாகத் தாங்குவதைத்தான் போட வேண்டும். பீங்கானிலும் ஜாதி உண்டு. ஒரு ஜாதி, சூடு ஏறினாலும் அளவு மாறாது. இன்னொரு ஜாதி, சூட்டிலும் வோல்டேஜிலும் அளவு குறைந்து விடும். இடம் மாறிப் போட்டால் சாமான் ஓடுவது போல ஓடிப் பிறகு தகராறு செய்யும்.

எனவே ஊகம் என்பது பாதி வழி. முழு வழி, கம்பெனியிடம் இருக்கும் படமும் பட்டியலும்தான்.

சட்டம் எதைத் தருகிறது?

2021 ஜனவரி 1-ந் தேதி பிரான்சு ஒரு புது முறையைக் கொண்டு வந்தது. கைபேசி, டெலிவிஷன் போன்ற சாமான்களை எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு இத்தனை மார்க் போட்டு, கடையில் காட்ட வேண்டும் என்று அது சொன்னது.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பழுது பார்க்கும் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதில் ஒரு விலக்கு உண்டு. தவறாகப் பொருத்தினால் காயம் ஏற்படும் அபாயம் அதிகம் என்றால், தனித் தனிச் சாமானாக இல்லாமல், சேர்த்துக் கட்டிய தொகுப்பாகவே கம்பெனி கொடுக்கலாம்.

2024-ல் ஐரோப்பிய யூனியன் ஓர் ஆணை பிறப்பித்தது. குறிப்பிட்ட சாமான்களை, உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும், கம்பெனி பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும். உறுப்பு நாடுகள் இதை நடைமுறைக்குக் கொண்டு வர 2026 ஜூலை 31 கெடு.

இந்தியாவில் 2022 ஜூலையில் மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா ஒரு கமிட்டி அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி இதற்கென ஓர் இணையதளம் திறக்கப்பட்டது. 2025 மே மாதம் மற்றொரு கமிட்டி, கைபேசி முதலிய சாமான்களுக்கு இந்தியாவிலும் மார்க் முறை வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. பழுது பார்ப்பதற்கான விவரங்களைக் கம்பெனி தருகிறதா என்பதும் அந்த மார்க்கில் சேரும்.

இவை நல்ல காரியங்கள். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திரையைக் கொடு, பாட்டரியைக் கொடு, போர்டைக் கொடு என்று கேட்பது சுலபம். போர்டு கிடைத்தால் சட்டம் நிறைவேறி விட்டது. ஆனால் வீட்டுக்காரர் போர்டின் முழு விலையையும் கொடுத்தாக வேண்டும். ரவை அளவுச் சாமான் ஒன்றுக்காக அவ்வளவு பணம்! அவரைக் காப்பாற்றக் கூடியது போர்டு அல்ல, விவரம்.

கம்பெனிகள் சொல்லும் பதில்

கம்பெனிகள் தரப்பிலும் வாதம் இருக்கிறது. படத்தைக் கொடுத்தால் போலிச் சாமான் செய்பவர்கள் காப்பி அடிப்பார்கள் என்கிறார்கள். அரைகுறையாகப் பழுது பார்த்தால் தீப்பிடிக்கும் என்கிறார்கள்.

இரண்டாவது வாதத்தில் உண்மை உண்டு. வீட்டு மின்சாரம் நேராக வரும் இடத்தில் பாதுகாப்புக் கண்டன்சர்கள் இருக்கும். அங்கே சாதாரண ரகத்தைப் போட்டால் ஷாக் அடிக்கலாம், தீயும் பிடிக்கலாம். பெரிய கண்டன்சர்கள் ஸ்விட்சை நிறுத்திய பிறகும் மின்சாரத்தை வைத்திருக்கும். ஆகையால் வீட்டில் யாரும் மூடியைத் திறந்து கை வைக்கக் கூடாது.

ஆனால் அந்த உண்மையே எதிர்ப்பக்கமும் பேசுகிறது. விவரம் இல்லாமல் ஊகித்துப் போடுவதுதான் ஆபத்து. விவரம் தெரிந்து போட்டால் ஆபத்து குறைவு. 'சிப்'பின் ரகசியத்தை மெக்கானிக் கேட்கவில்லை. இந்த எண்ணுள்ள இடத்தில் இத்தனை மைக்ரோபாரட், இத்தனை வோல்ட், இந்த ஜாதி பீங்கான் என்ற பட்டியல் போதும். விற்பனை நின்று போன மாடலுக்காவது அதைக் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் யாருக்கு?

கொடுக்காததால் வரும் நஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது. 2022-ம் ஆண்டில் உலகம் தூக்கி எறிந்த மின்சாதனக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறைப்படி சேகரித்து மறு உபயோகத்துக்கு அனுப்பியதாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்கு சொச்சம்தான்.

குடும்பங்கள் செய்யக் கூடியதும் உண்டு. "போர்டு போய் விட்டது" என்றால், "போர்டில் எது போயிற்று? அதை மட்டும் மாற்ற முடியுமா?" என்று கேட்கலாம். போர்டை மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேட்டு வாங்கி வைக்கலாம். அது இன்னொரு வீட்டு டெலிவிஷனுக்கு உயிர் கொடுக்கும். புதுச் சாமான் வாங்கும்போது, "இதைப் பழுது பார்க்க விவரம் கொடுக்கிறார்களா?" என்று கடைக்காரரைக் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார்.

ரவை அளவுச் சாமானுக்கு வாய் இல்லை. அதன் பெயரை அதற்காக யாராவது சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லாத வரையில், ஒரு ரூபாய்ச் சாமானுக்காகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கொண்டேதான் இருக்கும்.