கண்டவர் ஒருவர்தானா?

என்.ஜி.சி. 3115 எனும் வில்லையுரு அண்டத்தை 1787ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதி வில்லியம் ஹேர்ஷல் கண்டுபிடித்தார் என்று வானியல் நூல்கள் ஒரே வரியிற் கூறி அமைகின்றன. ஓர் இரவு, ஒரு மனிதர், ஒரு கண்டுபிடிப்பு! இவ்வரி சுருக்கமானது; ஆனால் நேர்மையானதன்று.

ஹேர்ஷல் அன்று கண்டது யாது? செக்ஸ்டன்ஸ் விண்மீன் குழுவில் நீண்டொளிர்ந்த புகைத்திட்டு ஒன்றையே. அது ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள தனியோர் அண்டம் என்பதை அவர் அறியார். நமது பால்வீதிக்கு வெளியேயும் அண்டங்கள் உள என்பது 1920களில் ஹபிளின் அளவீடுகளாலேயே உறுதியாயிற்று. அந்த ஹபிளும் இதனை நீள்வளைய வகையிலேயே சேர்த்தார். தட்டு உண்டு, சுருட்கரங்கள் இல்லை எனக் கண்டு வில்லையுரு இனத்தில் வைத்தோர் பின்வந்தவர்களே. மையத்திற் சூரியனைப் போல் ஏறத்தாழ நூறு கோடி மடங்கு திணிவுடைய கருந்துளை உண்டென்பதற்கு 1992இல் கோர்மெண்டியும் றிச்ஸ்டனும் சான்று காட்டினர்.

இனி, அந்த இரவுகளைத்தானும் ஹேர்ஷல் தனித்துக் கழித்தாரா? இல்லை. தொலைகாட்டியருகே நின்று அவர் உரைத்தவற்றை, மணிக்கூட்டை நோக்கி எழுதியவர் தங்கை கரோலின். மறுநாட் பகலில் நிலைகளைக் கணித்துப் படியெடுத்தவரும் அவரே. எழுதப்படாத ஒளித்திட்டு எவருக்கும் பயன்படாது. மீண்டும் தேடிக் காண இயலாதது கண்டுபிடிப்பும் ஆகாது. 1787இல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண் ஊதியம் வழங்கியது. 1828இல் அரச வானியற் கழகம் தன் பொற்பதக்கத்தை அளித்தது. அப்பதக்கத்தை அடுத்தொரு பெண், வேரா றூபின், பெறுதற்கு 1996 வரை காலஞ் சென்றது!

முதலிற் கண்டவனே கண்டுபிடிப்பாளன் என வாதிடுவோர் உளர். ஆடிகளைத் தாமே தேய்த்து உருவாக்கிய ஹேர்ஷலின் திறனை எவரும் மறுக்கவில்லை. ஆயின் காண்டல் வேறு, அறிதல் வேறு. அறிதல் பலரது உழைப்பால், பல தலைமுறைகளில் நிகழ்வது. மேதை ஒருவனுக்கு ஓரிரவில் வாய்த்த கொடையே அறிவு என நம்பும் மாணவன், பதிவேட்டின் முன்னமர்ந்து உழைப்பதை இழிவெனக் கருதுவான். அவ்வுழைப்பைச் செய்வோரையும் மறப்பான். அம்மறதியை வளர்ப்பது கல்வியாகாது.

ஆதலின் அவ்வரி திருத்தப்படல் வேண்டும்: வில்லியம் கண்டார், கரோலின் பதிந்தார், அது யாதென அறிந்தவர் பின்வந்தோர்.