மணலின் மேல் சுமத்திய பழி

"கடலோர மணல்ல என்ன விளையும்? தண்ணி நிக்காது, உரம் தங்காது, உப்பு வேற. மிஞ்சிப்போனா நாலு சவுக்கு. பேசாம மனை போட்டுடலாம்." காலாப்பட்டிலிருந்து மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். தரகர் சொன்னால் அது அவர் பிழைப்பு. நிலத்துக்காரரும் அதையே சொல்லிக்கொண்டு பத்திரம் எழுதப் போகும்போதுதான் பதில் சொல்லத் தோன்றுகிறது.

முதலில் தண்ணீர். மணலில் நிற்காது என்பது மெய்தான். ஒரு மீட்டர் ஆழ மணல், பயிருக்கென்று பிடித்து வைத்திருக்கும் ஈரம் களிமண் கலந்த நிலத்தின் ஈரத்தில் பாதிகூடத் தேறாது. ஆனால் கீழே இறங்கிய தண்ணீர் தொலைந்து போனதாக யார் சொன்னது? களிமண்ணில் மணிக்கு 5 மில்லிமீட்டர் மழை இறங்கினாலே அதிகம்; மணலில் 30 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். புதுச்சேரியில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். ஓர் ஏக்கர் மணலில் 100 மில்லிமீட்டர் இறங்கினால் 4 லட்சம் லிட்டர். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, சிமென்ட் பூசிய தெருக்களில் ரப்பர் படகு ஓடியது. இந்த மண் விளைவிக்கும் முதல் பயிரே நிலத்தடி நீர்தான். நிலத்துக்காரர் அதை மூட்டை கட்டி விற்க முடியாது. அதனால் கணக்கிலும் வருவதில்லை.

அடுத்தது உப்பு. இதை முந்தையதோடு சேர்த்தே பேச வேண்டும். கடலோரத்தில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உப்பை அழுத்தி வைக்கும். மேலே ஓரடி இறங்கினால் கீழே 40 அடி உப்பு ஏறும். ஆக, கிணறு கரித்தால் குற்றவாளி மணல் இல்லை. அதன் மேல் கான்கிரீட் போட்டு மழையைத் தடுத்ததும், ஆழ்துளையில் மோட்டார் இறக்கி இரவு பகலாக இறைத்ததும்தான். இன்னொன்று: 2004 சுனாமியில் நாகை மாவட்ட வயல்களில் கடல்நீர் ஏறியது. மணற்பாங்கான வயல்களில் அடுத்தடுத்த மழை உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிட்டது. களிமண் வயல்கள்தான் நாள் எடுத்தன. தண்ணீர் நிற்காது என்று மணலைப் பழித்தோமே, அந்தக் குணமே அன்று கைகொடுத்தது.

என்ன விளையும் என்ற கேள்விக்குத் தென்னாற்காட்டுக்காரர் ஒருவரே பதில் சொல்லியிருக்கலாம்: மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. பூத்த பிறகு விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்க வேண்டும். இறுகிய மண்ணில் விழுது நுழையாது, நுழைந்தாலும் பிடுங்கும்போது பாதிக் காய் உள்ளேயே நின்றுவிடும். வேரில் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடிக்குள் அடங்கும். மண்ணாய்வில் 'மிதமான ஆழம்' என்பது 75 முதல் 100 சென்டிமீட்டர். கடலைக்கு அது தாராளம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சுற்றுவட்டாரக் கடலை புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி, மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து ரயில் பாதை வந்த பிறகு சரக்கு கடற்கரைக்கு வருவதும் எளிதாயிற்று. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருப்பதும், அங்கிருந்து டிஎம்வி ரகங்கள் வந்ததும் சும்மாவா? மல்லாட்டை மட்டுமா? மரக்காணம் பக்கத்துத் தர்ப்பூசணி, முந்திரி, வேதாரண்யத்து மாவும் முல்லையும் எல்லாம் மணல் கொடுத்தவை. பாரதியின் குயில் பாட்டு நடப்பதும் புதுச்சேரியை ஒட்டிய ஒரு மாந்தோப்பில்தான்.

நஞ்செய்யை வைத்து நிலத்தின் மதிப்பைச் சொல்லிப் பழகிவிட்டோம். நெல் விளையாததெல்லாம் கழிவு என்று நினைக்கிற வியாதி அது.

உரம் தங்காது என்பதில் பழி சொல்பவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. மொத்தமாகக் கொட்டும் யூரியாவை ஒரு மழை கிணற்றுக்குள் சேர்த்துவிடும். இலங்கையின் கற்பிட்டியில், மணலில் வெங்காயமும் காய்கறியும் உரம் கொட்டி விளைவித்ததில் கிணறுகளில் நைட்ரேட் ஏறிக் குடிதண்ணீரே கெட்டது. இது மணலைக் கைவிடச் சொல்லும் காரணமில்லை. களிமண் கணக்கில் உரம் வைக்காதே என்று சொல்லும் காரணம். உரத்தைப் பிரித்துப் பிரித்து வைப்பது, ஏரி வண்டல் அடிப்பது, ஆட்டுக்கிடை போடுவது, கொழிஞ்சி விதைத்து மடக்கி உழுவது, கடலைக்கு 40, 45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பது எல்லாம் தெரிந்த சங்கதிகள். தண்ணீர் மிகவும் இறங்கும் நிலத்தில் களிமண் கலந்து, 400 கிலோ கல் உருளையை எட்டுப் பத்து தடவை ஓட்டி இறுக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். தெளிப்புநீர் வைத்தால் கொஞ்சமாய், அடிக்கடி பாய்ச்சலாம். ஆள் கூலிதான் இடிக்கிறது. அது மணலுக்கு மட்டும் உள்ள துன்பம் இல்லை.

சவுக்கை ஏன் ஏளனமாகச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. ரயில் எஞ்சின் விறகுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் கடலோரமெங்கும் நட்ட மரம். வேர்முடிச்சில் தானே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்கிறது. நான்கைந்து ஆண்டில் கழியாகவும் காகித ஆலைக் கூழாகவும் காசாகிறது. ஆனால் மணல்மேடுகளைச் சமப்படுத்தி வரிசை கட்டி நட்டதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். மேடு அலைக்கு அணை. 2011-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை அதைத் தொடக்கூடாத வகையில் வைத்தது.

கடைசி வாதத்துக்குப் புதுச்சேரியின் குருசுக்குப்பத்தைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்: "அங்க பாரு, வலை காயப்போட்ட மணலெல்லாம் கடல் தின்னுடுச்சு. மணல் நிலத்தை இப்பவே வித்துடணும்." சாட்சி வேறு விதமாகப் பேசும். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்தபடி இருக்கும். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்குக் கல்தடுப்பு கட்டினார்கள். மணல் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே இருந்த நகரக் கடற்கரை, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கல் கொட்டிக் காத்த இடத்துக்கு வடக்கே அரிப்பு தாவியது. தமிழக எல்லைக்குள் பொம்மையார்பாளையம் வரை போய்விட்டது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இறக்கிய எஃகுத் தடுப்புக்குப் பின்னால் மணல் மறுபடி சேர்ந்ததைப் புதுச்சேரிக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். கடல் தின்றதாகச் சொல்வது, மனிதன் வழிமறித்ததற்கு வைத்த பெயர். அதைக் காட்டி மரக்காணத்துக் கடலைக்காட்டை விற்கச் சொல்வதில் ஒரு பொருத்தமும் இல்லை.

அப்படியும் விற்றே தீருவேன் என்பவர், விலை பேசும்போது அந்த ஏக்கர் ஒவ்வொரு மழையிலும் கீழே இறக்கும் லட்சக்கணக்கான லிட்டரையும் சேர்த்துப் பேசட்டும். மனை வாங்குகிறவருக்கு முதல் கோடையிலேயே லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டவேண்டி வரும்.