பாடியது யாரு, பாப்பா?

தீபாவளி முறுக்கு டின் இன்னும் காலியாகியிருக்காது என்று நினைக்கிறேன். கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இந்த மாதம் நான் காடியில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட புதுப்பாடல்களைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

‘வேட்டையன்’ படத்தின் ‘மனசிலாயோ’ பாட்டு வந்த புதிது. மாலை நேரம், சாலையெல்லாம் நெரிசல், எல்லாரும் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டைப் போட்டுவிட்டு வழக்கம்போல மூச்சுவிடாமல் பெயர்களை அடுக்கினேன்: மலேசியா வாசுதேவன், யுகேந்திரன், அனிருத், தீப்தி சுரேஷ். அடுத்த நிமிடம் தெலுக் இந்தானிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். குரலை வைத்துச் சொன்னால் எழுபதுக்கு மேல் இருக்கும்.

“பாப்பா, இப்பப் பாடினது நம்ம வாசுவா?”

“ஆமா அங்கிள்.”

“அவரு போய்ச் சேர்ந்து ரொம்ப வருசம் ஆச்சே?”

போக்குவரத்துச் செய்திக்கு இன்னும் பத்து விநாடிதான் இருந்தது. “அது ஏஐ அங்கிள், கணினியில செஞ்ச குரல்” என்று சொல்லி முடித்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அதான் பார்த்தேன். வாசு பாடினா மூச்சு எடுக்கிறது கேக்கும்” என்றார். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அன்று இரவு ஹெட்போன் மாட்டிக்கொண்டு மூன்று முறை கேட்டேன். மூச்சு கேட்கிறதா, இல்லையா? அடிக்கிற அடியில் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என் தவறு மட்டும் தெளிவாகக் கேட்டது. 2011 பிப்ரவரியில் மறைந்த ஒருவரை, நேற்று ஸ்டூடியோவுக்கு வந்து பாடிவிட்டுப் போனவர் மாதிரி நான் அறிவித்திருக்கிறேன். ஊடகவியல் படித்த காலத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த பாடமே, பாடியவர் பெயரைச் சரியாகச் சொல் என்பதுதான். பெயர் சரி. சொன்ன விதம்தான் சரியில்லை.

அதற்காகப் பாட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. நம் நாட்டில் பிறந்து, நாட்டின் பெயரையே பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு போனவர் அவர். 1980இல் ‘முரட்டுக் காளை’யில் ரஜினிக்குப் பாடிய குரல் 2024இல் மறுபடி ரஜினிக்கே வருகிறது என்றால் உடம்பு சிலிர்க்காமல் இருக்குமா? மலையாளப் பெற்றோருக்குப் பிறந்தவரின் குரலில் ‘புரிந்ததா’ என்று கேட்கும் மலையாளச் சொல் வருவதும் பொருத்தம்தான். பக்கத்திலேயே மகன் யுகேந்திரன் பாடுகிறார். அந்த இடம் வரும்போதெல்லாம் நான் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவிடுவேன். அதே ஆண்டு ‘லால் சலாம்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மானும் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களை இப்படிக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியதையும் பணம் கொடுத்ததையும் அவரே வெளிப்படையாகச் சொன்னார். எனக்குப் பிடித்தது அந்த வெளிப்படைதான்.

சரி, மூச்சு கேட்கும் பாடல்களுக்கு வருவோம்.

முதலில் ‘மெய்யழகன்’. கோவிந்த் வசந்தா இசையில் கமல்ஹாசன் பாடிய ‘யாரோ இவன் யாரோ’. எழுபதைத் தொட்ட குரல், அதை மறைக்க யாரும் முயலவில்லை. சொற்களுக்கு இடையே அவர் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் பாட்டே. ராத்திரி பிளஸ் நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டிப் போகும்போது கேளுங்கள். ஓய்விடத்தில் நிறுத்தி ஒரு தே தாரிக் குடிக்காமல் மேலே போக முடியாது. என்னால் முடியவில்லை.

அதற்கு நேர் எதிர் ‘தங்கலான்’ படத்தின் ‘மினிக்கி மினிக்கி’. ஜி.வி. பிரகாஷ் இசை, சிந்தூரி விஷால் குரல். படத்தில் பெண்களுக்கு ரவிக்கை கிடைக்கிற சந்தோஷத்தில் வரும் பாட்டு. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தக் குதூகலம் வேறு மாதிரி இருக்கும்.

சினிமா வேண்டாம் என்பவர்களுக்கு சாய் அபயங்கர். பாடகர்கள் திப்பு, ஹரிணி தம்பதியின் மகன். வயது இருபதை ஒட்டி. ‘கட்சி சேர’ பாட்டை ரீல்ஸில் முப்பது விநாடி கேட்டுச் சலித்தவர்கள் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். எனக்கு அதைவிட ‘ஆச கூட’ பிடிக்கும். சகோதரி சாய் ஸ்மிருதியோடு சேர்ந்து பாடியது. ஒரே வீட்டில் வளர்ந்த குரல்கள் ஒட்டுவது போல மற்றவை ஒட்டாது.

ராப் பிரியர்களுக்கு ‘பிரதர்’ படத்தின் ‘மக்காமிஷி’. ஹாரிஸ் ஜெயராஜ் மெட்டில் பால் டப்பா புகுந்து விளையாடுகிறார். 2006இல் யோகி பி, நட்சத்திராவின் ‘வல்லவன்’ வந்தபோது நான் படிவம் இரண்டு. பள்ளிப் பேருந்தில் அதை மனப்பாடமாக ஒப்பித்த தலைமுறைக்கு இதெல்லாம் புதிதில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மலப்புறத்தில் பிறந்து அமெரிக்காவின் ஹியூஸ்டனில் வளர்ந்த ஹனுமான்கைண்டின் ‘பிக் டாக்ஸ்’ ஆங்கிலப் பாட்டு. அதைக் காணொளியாகவே பாருங்கள். மரணக் கிணற்றுச் சுவரில் வண்டிகள் சுற்ற, நடுவில் நின்று பாடுகிறார். கெட்ட வார்த்தை உண்டு. பிள்ளைகள் இருக்கும் காடியில் வேண்டாம், என் நிகழ்ச்சியிலும் போட முடியாது.

உள்ளூர்ப் பாடல்களை இங்கே இரண்டு வரியில் அடைக்க மனமில்லை. அடுத்த வாரம் அவற்றுக்கே இந்தப் பக்கம் முழுவதும்.

இப்போதெல்லாம் ‘மனசிலாயோ’ போடும் முன், “மறைந்த மலேசியா வாசுதேவன் அவர்களின் குரல், கணினியில் மறு உருவாக்கம்” என்று சொல்கிறேன். நான்கு விநாடி ஆகிறது. தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை.

போன வெள்ளிக்கிழமை தெலுக் இந்தான் அங்கிள் மறுபடி அழைத்தார். என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன். “வாசு பாட்டுத்தான் பாப்பா. பழசு” என்றார். ‘முரட்டுக் காளை’யைத் தேடி எடுத்துப் போட்டேன். பாட்டு முடியும் வரை அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை.