மாத்திரை தீர்ந்தது, நோய் தீரவில்லை

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் மேலூரைத் தாண்டி வடக்கே போனால் வருவது கொட்டாம்பட்டி. கண்மாயும் தென்னந்தோப்புமாக இருக்கும் கிராமங்களுக்கு நடுவே ஓர் ஒன்றியத் தலைமையிடம். இங்கே மட்டுமல்ல, இதுபோன்ற எந்த ஊரிலும் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களிடம் "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

"ரெண்டு மாசம் சாப்பிட்டேன், சரியாப் போச்சு, விட்டுட்டேன்."

"கிறுகிறுப்பு வந்தா மட்டும் ஒண்ணு போட்டுக்குவேன்."

"ஒரு தடவ ஆரம்பிச்சா விட முடியாதாம்ல, அதான் ஆரம்பிக்கவே இல்ல."

இதைக் கேட்டதும் படித்தவர்கள் உடனே ஒரு தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "விழிப்புணர்வு இல்லாத சனங்க!" இந்தத் தீர்ப்பு சரிதானா?

முதலில் கணக்கைப் பார்க்கலாம். 2020-ல் தமிழகத்தில் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வின்படி பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு (33.9 சதவீதம்) உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். அதாவது நூறு நோயாளிகளில் ஏழு பேர்! அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் கொடுக்கும் திட்டம். 2023-24-ல் எடுக்கப்பட்ட இரண்டாவது ஆய்வில் அந்த 7.3 சதவீதம் 17 ஆக உயர்ந்தது. இது பாராட்டப்பட வேண்டிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆறு நோயாளிகளில் ஐந்து பேருக்கு அழுத்தம் இன்னும் கட்டுக்குள் வரவில்லை.

மாத்திரை இலவசம். பல வீடுகளில் வாசலுக்கே வருகிறது. பிறகு ஏன் இந்த நிலை?

காய்ச்சல் கற்றுக்கொடுத்த பாடம்

கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயிக்கு நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது உண்மையல்ல. அவருக்குத் தெரிந்தது அனுபவத்தில் வந்தது. காய்ச்சல் வந்தால் உடம்பு சொல்லும். மாத்திரை சாப்பிட்டால் மூன்று நாளில் விடும். விட்டதும் மாத்திரையை நிறுத்தலாம். சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் இதே கதைதான். வாழ்நாள் முழுக்க வேலை செய்த இந்தப் பாடத்தை அவர் இரத்த அழுத்தத்துக்கும் பொருத்துகிறார். அதில் என்ன முட்டாள்தனம் இருக்கிறது?

சிக்கல் என்னவென்றால், இந்த நோய் அந்தப் பாடத்துக்குள் அடங்காது. 180 இருந்தாலும் பலருக்கு ஒன்றும் தெரியாது. தோப்பில் தேங்காய் சுமப்பார், நூறு நாள் வேலைக்குப் போவார், திருவிழாவில் கூத்து பார்ப்பார். கிறுகிறுப்பும் தலைவலியும் வேறு காரணங்களாலும் வரலாம். "உடம்பு சொல்லும்" என்று காத்திருப்பவருக்கு உடம்பு முதன்முதலாகச் சொல்வது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒரு கை, ஒரு கால் போனால் ஒரு குடும்பத்தின் வருமானமே போய்விடும்.

மாத்திரை வேலை செய்யும் விதமும் வேறு. அரசு மருத்துவமனைகளில் பரவலாகக் கொடுக்கப்படும் அம்லோடிபின் உடம்பில் மெதுவாகச் சேர்ந்து, ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்ட பிறகே முழு பலனைத் தரும். கிறுகிறுப்பு வந்த அன்று மட்டும் ஒன்று போடுவதால் பயன் இல்லை. "சரியாப் போச்சு" என்று நிறுத்தினால் சில நாட்களில் அழுத்தம் பழைய இடத்துக்கே போய்விடும். இந்த மாத்திரை நோயைத் தீர்ப்பதில்லை, அடக்கி வைக்கிறது. கண்மாய்க் கரை தண்ணீரைத் தடுத்து நிற்பது போல! தண்ணீர் அமைதியாக இருக்கிறதே என்று யாராவது கரையை வெட்டுவார்களா?

"ஆரம்பித்தால் விட முடியாது" என்ற பயத்துக்கும் பதில் இதுதான். மாத்திரை யாரையும் அடிமையாக்குவதில்லை. நோய் விடாமல் இருப்பதால் மருந்தும் தொடர்கிறது. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பது இன்னொரு பயம். உண்மையில் கிட்னியை அதிகம் கெடுப்பது கட்டுப்படாத அழுத்தம்தான்.

சொல்லாமல் விடப்பட்டவை

இதையெல்லாம் நோயாளிக்கு யார் சொன்னார்கள்? நீண்ட வரிசை நிற்கும் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். "பிரஷர் இருக்கு, உப்பைக் குறைங்க, மாத்திரை சாப்பிடுங்க. அடுத்த ஆள்!" அவ்வளவுதான். எத்தனை பிரஷர் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 140/90 என்ற எல்லைக்கோடும் தெரியாது.

உப்பைக் குறைக்கச் சொன்னால் குழம்பில் குறைக்கிறார்கள். ஆனால் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் உப்புக் கணக்கில் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள். எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி!

எனலாப்ரில் சாப்பிடும் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். இதை முன்பே சொன்னால் நோயாளி திரும்பி வந்து "வேற மாத்திரை குடுங்க" என்று கேட்பார். சொல்லாவிட்டால் அவரே நிறுத்திவிடுவார். மாதாமாதம் மாத்திரையின் நிறமோ அட்டையோ மாறினால், "இது வேற மருந்து போல" என்று சந்தேகப்பட்டு ஒதுக்கி வைப்பவர்களும் உண்டு. விரதம் இருக்கும் நாளில் வெறும் வயிற்றில் கூடாது என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அம்லோடிபினைச் சாப்பாட்டுக்கு முன்பும் போடலாம், பின்பும் போடலாம் என்ற ஒரு வரி போதும், அந்த நாள் வீணாகாது.

திட்டுவதால் வரும் கேடு வேறு. "ஏன் மாத்திரை சாப்பிடல?" என்று அதட்டினால் அடுத்த முறை "சாப்பிட்டேன்" என்று பொய் வரும். அதை நம்பி மருந்தின் அளவு கூட்டப்படும். பயத்தில் பிறந்த ஒரு பொய் ஆபத்தில் கொண்டுபோய் விடலாம்.

இது கிராமத்து நோயா?

இல்லவே இல்லை. 2003-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, பணக்கார நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் சுமார் பாதிப் பேர்தான் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். ஆக, படிப்போ பணமோ இருந்தால் மட்டும் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாது.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளை இரத்தக்கசிவால் இறந்தார். அன்று அவருடைய அழுத்தம் 300/190. உலகின் பெரிய நாட்டை ஆண்டவருக்கே அன்று நல்ல மருந்து கிடையாது. அவருக்குக் கிடைக்காதது இன்று கொட்டாம்பட்டியில் ஒரு பாட்டிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அது மாடக்குழியில் கிடந்து காலாவதியானால் அதைவிட வருத்தம் என்ன இருக்கிறது?

கொட்டாம்பட்டியை அடுத்துள்ள சிவகங்கை மாவட்டத்திலும் விருதுநகரிலும் 2007-லேயே, உலக வங்கி உதவியுடன் இரத்த அழுத்தத்தைக் கண்டறிந்து சிகிச்சை தரும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. 2012 முதல் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. கண்டுபிடிப்பதிலும் மருந்து கொடுப்பதிலும் தமிழகம் நெடுந்தூரம் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது பேசுவது.

அறிவு மட்டும் போதாது என்பதும் உண்மை. கூலி வேலையை விட்டுவிட்டு மருத்துவமனையில் அரை நாள் நிற்க எல்லோராலும் முடியாது. ஆனால் மருந்து கைக்கு வந்த பிறகும் வாய்க்குப் போகாமல் நின்றால், அங்கே குறைவது விளக்கம்தான். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. முதல் மாத்திரையைக் கொடுக்கும் அன்று நான்கு வாக்கியம் சொன்னால் போதும்: "உங்க பிரஷர் இவ்வளவு, 140/90-க்குக் கீழே வரணும். இது காய்ச்சல் மாதிரி விட்டுப் போகாது. உடம்பு நல்லா இருந்தாலும் நீங்களா நிறுத்தாதீங்க. ஏதாவது தொந்தரவு வந்தா வந்து சொல்லுங்க, வேற மாத்திரை இருக்கு."

வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் இதையே ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லலாம். ஊருக்குப் போகும் பிள்ளைகள் அப்பாவிடம் "பணம் அனுப்பவா?" என்று கேட்பதோடு "பிரஷர் எத்தனை?" என்றும் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு அவர் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லும் நாளில், பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்று நம்பலாம்.